மூன்றரை மணி நேரமா, நான்கு மணி நேரமா: அமெரிக்க டயாலிசிஸ் இறப்பு விகிதம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

டயாலிசிஸ் என்றால் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஒரு மெஷின், ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் ஒன்று, கையில் இரண்டு ஊசி, வாரத்துக்கு மூன்று முறை. ஆனால் 2003இல் வெளியான ஓர் ஒப்பீடு வேறு கதை சொன்னது. ஹீமோடயாலிசிஸ், அதாவது மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் டயாலிசிஸ், செய்துகொள்பவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் ஜப்பானில் 6.6%, ஐரோப்பாவில் 15.6%, அமெரிக்காவில் 21.7%.

'அமெரிக்காவில் வயதானவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், அதனால்தான்' என்பது வழக்கமான பதில். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் வயது, பாலினம், இனம், கூடவே 25 விதமான துணை நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் சரிக்கட்டிய பிறகும், ஜப்பானிய நோயாளியோடு ஒப்பிட்டால் அமெரிக்க நோயாளியின் இறப்பு அபாயம் 3.78 மடங்காக நின்றது. ஐரோப்பிய நோயாளிக்கு அது 2.84 மடங்கு. நோயாளியின் உடல்நிலையால் மட்டும் இதை விளக்க முடியவில்லை. அப்படியானால் டயாலிசிஸ் யூனிட்டுக்குள் நடப்பதில் ஏதோ இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

நேரம் எப்படிச் சுருங்கியது

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள அங்கிருந்து இருபது, முப்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு, எந்த வயதானாலும், அரசின் மெடிகேர் திட்டமே டயாலிசிஸ் செலவை ஏற்கும் என்றது. 1973இல் அது நடைமுறைக்கு வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று கூடியது, செலவும் கூடவே ஏறியது. 1983இல் அரசு ஒரு டயாலிசிஸுக்கு இவ்வளவுதான் என்று நிலையான தொகையை நிர்ணயித்தது. மூன்று மணி நேரம் செய்தாலும் அதே காசு, ஐந்து மணி நேரம் செய்தாலும் அதே காசு. ஒரு நாற்காலியில் ஒரு நாளைக்கு எத்தனை பேரை உட்கார வைக்கலாம் என்பது முதலாளியின் கணக்கானது. நோயாளிகளும் சீக்கிரம் வீட்டுக்குப் போகத்தான் விரும்பினார்கள். யாரும் எதிர்க்கவில்லை.

நேரத்தைக் குறைப்பதற்கு அறிவியலும் அப்போது கை கொடுத்தது. 1981இல் வெளியான அமெரிக்காவின் தேசிய கூட்டு டயாலிசிஸ் ஆய்வு 150க்கும் மேற்பட்ட நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. ரத்தத்தில் தேங்கும் கழிவான யூரியாவை அதிகமாக இருக்க விடுவதா குறைவாக வைப்பதா, டயாலிசிஸ் நேரம் நீளமா குறுகலா என்று இரண்டு கேள்விகள். யூரியாவைக் குறைவாக வைத்தவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். நேரம் கூடுதலாகக் கிடைத்தவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் புள்ளியியல் கணக்கில், நேரத்தால் பயனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு 0.06. ஏற்றுக்கொள்ளும் கோடு 0.05. நூலிழையில் தவறியது. சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்காத, சுமார் ஒரு வருடம் மட்டுமே ஓடிய, சின்ன ஆய்வு அது. இருந்தும் 'நேரம் முக்கியமில்லை, யூரியாதான் முக்கியம்' என்ற முடிவு நிலைத்துவிட்டது.

1985இல் காட்ச், சார்ஜென்ட் என்ற இருவர் அந்த ஆய்வின் தரவை மறுபடி அலசி, கேடி/வி என்ற அளவைப் பரவலாக்கினார்கள். இதில் 'கே' என்பது டயலைசர் எவ்வளவு வேகமாக யூரியாவை வடிகட்டுகிறது என்பது, 'டி' நேரம், 'வி' உடம்பிலுள்ள நீரின் அளவு. இன்றைக்கும் நம் ஊர் டயாலிசிஸ் யூனிட்களில் மாதாந்திர ரிப்போர்ட்டில் இந்த எண் இருக்கும், 1.2க்கு மேல் வந்தால் சரி என்பார்கள். அளவில் தப்பில்லை. ஆனால் கணிதத்தைப் பாருங்கள்: கேயைக் கூட்டினால் டியைக் குறைக்கலாம். பெரிய டயலைசர் போடு, ரத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 400 மில்லிக்கு மேல் ஏற்று, மூன்று மணி நேரத்தில் அதே எண்ணைத் தொட்டுவிடலாம். தொட்டார்கள்.

இங்கேதான் தடம் மாறியது என்று நினைக்கிறேன். யூரியா சின்ன மூலக்கூறு, ரத்தத்துக்கும் திசுவுக்கும் நடுவே தடையில்லாமல் போய்வரும், வேகமாக இழுத்தால் வேகமாக வரும். பாஸ்பேட் அப்படி வராது. தண்ணீர் கொஞ்சமும் அப்படி வராது. மெஷின் ரத்தக்குழாயிலிருந்துதான் நீரை எடுக்கிறது. திசுக்களில் தேங்கிய நீர் ரத்தக்குழாய்க்குள் திரும்ப நிரம்புவதற்கு அதற்குரிய நேரம் வேண்டும். நிரம்புவதைவிட வேகமாக எடுத்தால் பிரஷர் சரியும், கால் பிடிக்கும், வாந்தி வரும். உடனே நர்ஸ் ஓடிவந்து சலைன் ஏற்றுவார். எடுத்த நீரில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உலர் எடை, அதாவது தேங்கிய நீரையெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 60 கிலோ உள்ள ஒருவர் நீர் தேங்கி 3 கிலோ கூடி வருகிறார். மூன்று மணி நேரத்தில் அதை எடுத்தால் கிலோவுக்கு மணிக்கு 16.7 மில்லி. நான்கு மணி நேரத்தில் 12.5. ஐந்து மணி நேரத்தில் 10. மூன்றிலும் கேடி/வியை ஒன்றாகவே வைத்துக்கொள்ள முடியும். இதயத்துக்கு மூன்றும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் டெர்பி நகரில் மெக்கின்டயர் குழுவினர் டயாலிசிஸ் நடக்கும்போதே நோயாளிகளின் இதயத்தை எக்கோவில் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதயச் சுவரின் சில பகுதிகள் அந்த நேரத்தில் சரியாகச் சுருங்காமல் சோர்ந்து நின்றன. நீர் எடுக்கும் வேகம் கூடக்கூட, பிரஷர் விழவிழ, அந்தச் சோர்வும் கூடியது. இது வாரம் மூன்று தடவை, வருடக்கணக்கில் நடக்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் பிரான்ஸில் லியோன் நகரை ஒட்டிய தாஸ்ஸின் என்ற ஊரில் ஒரு யூனிட் பழைய வழக்கத்தை விடவே இல்லை. வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம், கூடவே உப்புக் குறைந்த சாப்பாடு. 1992இல் சார்ராவும் அவர் சகாக்களும் 445 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து 87% பேர், பத்து வருடம் கழித்து 75% பேர் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையே தேவைப்படவில்லை. பல மருத்துவர்கள் இதைப் பாராட்டிவிட்டு ஒதுக்கிவைத்தார்கள். ஒரே யூனிட், ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்லை, நோயாளிகளும் அந்தக் காலத்து இளவயதுக்காரர்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

யூனிட்டை ஆராய்வது

1989இல் டாலஸ் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் அமெரிக்காவின் இறப்பு விகிதம் ஐரோப்பாவையும் ஜப்பானையும்விட அதிகம் என்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஆனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கணக்கெடுத்ததால் வாதம் முடியவில்லை. 1996இல் அமெரிக்காவில் டாப்ஸ் என்ற ஆய்வு தொடங்கியது. டயாலிசிஸ் நடைமுறைகளுக்கும் விளைவுகளுக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பதுதான் அதன் பெயரே. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் தலைமையகம். பிறகு பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன், 1999இல் ஜப்பான் என்று விரிந்தது. ஆம்ஜென் கம்பெனியின் பணத்தில் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தசோகைக்கான எரித்ரோபொயட்டின் ஊசி விற்கும் கம்பெனி அது. பின்னால் வரும் ஒரு பகுதிக்கு இது பொருந்தும்.

டாப்ஸின் உருப்படியான யோசனை, நோயாளியோடு யூனிட்டையும் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டது. யூனிட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள், உள்ளே நோயாளிகளையும் அப்படியே. இது ஏன் முக்கியம்? ஃபிஸ்டுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா வைத்திருப்பவர்கள், கழுத்து வழியாகக் கதீட்டர் என்ற குழாய் போட்டிருப்பவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள். ஆனால் நல்ல ரத்தக்குழாயும் நல்ல இதயமும் உள்ளவருக்குத்தானே ஃபிஸ்டுலாவே சரியாக அமைகிறது? நலமாக இருப்பதால் ஃபிஸ்டுலாவா, ஃபிஸ்டுலாவால் நலமா என்று நோயாளி மட்டத்தில் பிரிக்க முடியாது. யூனிட் மட்டத்தில் பார்த்தால் கேள்வி மாறுகிறது: கதீட்டர் போடும் பழக்கம் அதிகமுள்ள யூனிட்டில், மற்றெல்லாம் சரிக்கட்டிய பிறகு, இறப்பு அதிகமா? எந்த நோயாளி எந்த யூனிட்டில் சேர்கிறார் என்பது பெரும்பாலும் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த ஒப்பீடு கொஞ்சம் நம்பகமானது. முழுக்க நம்பகமானது இல்லை, ஏழைகள் வாழும் பகுதியில் யூனிட்டும் ஏழையாக இருக்கும்.

விடை பளிச்சென்று வந்தது. 2002இல் வெளியான முதல் கணக்கில் ஐரோப்பாவில் 80% பேருக்கு ஃபிஸ்டுலா, அமெரிக்காவில் 24% பேருக்குத்தான். ஜப்பானில் பத்தில் ஒன்பது பேருக்கு. 2009இல் வந்த யூனிட் மட்ட அலசலில், கதீட்டர் பயன்பாடு 20 சதவீதப் புள்ளி கூடினால் இறப்பு அபாயமும் 20% கூடியது. ஃபிஸ்டுலா, செயற்கைக் குழாயான கிராஃப்ட், கதீட்டர் பயன்பாட்டைக் கணக்கில் சேர்த்தவுடன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இருந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. அமெரிக்க சர்ஜன்களுக்குக் கை தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. சிறுநீரக மருத்துவரிடம் நோயாளி கடைசி நேரத்தில் வந்து சேர்வதும், கிராஃப்ட் வைக்கும் வழக்கமும்தான் அங்கே ஊறிப்போயிருந்தன.

நேரம் பற்றிய கணக்கு 2006இல் வந்தது. சராசரி டயாலிசிஸ் நேரம் அமெரிக்காவில் 211 நிமிடம், ஐரோப்பாவில் 232, ஜப்பானில் 244. நான்கு மணி நேரத்துக்கு மேல் செய்துகொண்டவர்களின் இறப்பு அபாயம் 19% குறைவாக இருந்தது. ஒவ்வொரு கூடுதல் அரை மணிக்கும் சுமார் 7% குறைந்தது. கிலோவுக்கு மணிக்கு 10 மில்லிக்கு மேல் நீர் எடுத்தால் பிரஷர் விழுவதும் கூடியது, இறப்பும் கூடியது.

ஜப்பானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்க சிந்தனையை அது நேராகவே முறிக்கிறது. ஜப்பானிய யூனிட்களில் ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 200 மில்லியை ஒட்டித்தான் வைப்பார்கள். அமெரிக்க டெக்னீஷியன் பார்த்தால் மெஷினில் ஏதோ கோளாறு என்பார். வடிகட்டும் வேகத்தை வைத்து மட்டும் பார்த்தால் ஜப்பானியர்கள் பின்தங்கியிருக்க வேண்டும். உலகத்திலேயே அதிக காலம் வாழ்ந்தது அவர்கள்தான். இதில் யூனிட்டுக்கு வெளியே உள்ள காரணங்களும் உண்டு. ஜப்பானில் பொதுவாகவே இதய நோய் குறைவு. சிறுநீரக மாற்று அறுவை மிகக் குறைவாக நடப்பதால், வேறு நாடாக இருந்தால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றுப் போயிருக்கக்கூடிய ஆரோக்கியமான நோயாளிகள் டயாலிசிஸிலேயே தங்கி சராசரியை உயர்த்துகிறார்கள். அப்புறம் ஒழுங்கு. மாதத்தில் ஒரு டயாலிசிஸாவது தவறவிட்டவர்கள் அமெரிக்காவில் ஏறக்குறைய 8%, ஜப்பானில் 1%க்கும் கீழே. தவறவிட்டவர்களின் இறப்பு அபாயம் 30% அதிகம்.

தவறவிடாதவர்களுக்கும் வாரக் கடைசி இருக்கிறது. வாரம் மூன்று முறை என்றால் ஒரு இடைவெளி இரண்டு நாளாக நீளும். 2011இல் அமெரிக்காவில் 32,065 நோயாளிகளின் தரவை அலசியபோது, அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு விகிதம் நூறு நோயாளி-ஆண்டுக்கு (நூறு பேரை ஒரு வருடம் கவனிப்பதற்குச் சமம்) 22.1 என்றும் மற்ற நாட்களில் 18.0 என்றும் வந்தது. மெஷினுக்கு ஞாயிறு விடுமுறை என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

ஹீமோகுளோபின் தந்த அடி

இவ்வளவையும் படித்தவருக்கு ஒரு ஆசை வரும்: நல்ல யூனிட் செய்வதையெல்லாம் அப்படியே காப்பியடித்தால் போதும். இந்த இடத்தில்தான் நிதானம் தேவை. ஹீமோகுளோபின் அதிகமாக உள்ள டயாலிசிஸ் நோயாளிகள் அதிக நாள் வாழ்வது, எதையும் மாற்றாமல் நடப்பதை மட்டும் கவனிக்கும் கூர்நோக்கு ஆய்வுகளில் தெரிந்தது. அப்படியானால் எரித்ரோபொயட்டின் ஊசி போட்டு எல்லோருக்கும் ஹீமோகுளோபினை ஏற்றலாமே? இதய நோயுள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து சோதித்தார்கள். ஹீமட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) ஒரு குழுவில் 42க்கு ஏற்றினார்கள், இன்னொன்றில் 30இல் நிறுத்தினார்கள். 1998இல் முடிவு வெளியானது. ஏற்றிய குழுவில் சாவும் மாரடைப்பும் குறையாததோடு, அதிகமாகும் பக்கமே சாய்ந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. ஃபிஸ்டுலா, கிராஃப்ட் அடைத்துக்கொள்வதும் 29%லிருந்து 39%ஆகக் கூடியது. இதற்குப் பிறகும் அமெரிக்காவில் ஊசியின் அளவு ஏறிக்கொண்டேதான் போனது, ஏனென்றால் டயாலிசிஸுக்கு நிலையான தொகை, ஊசிக்குத் தனி பில். 2007இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஊசியின் விவரத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. 2011இல் ஊசியையும் அதே தொகைக்குள் சேர்த்தபோது பயன்பாடு சட்டென்று இறங்கியது. மருத்துவ ஆதாரம் செய்யாததை பில் முறை செய்தது.

கேடி/விக்கும் இதே பரீட்சை நடந்தது. 2002இல் வெளியான ஹீமோ ஆய்வில் 1,846 நோயாளிகள். ஒரு குழுவுக்கு 1.32, இன்னொன்றுக்கு 1.71. இறப்பில் வித்தியாசமில்லை. எண்ணைத் துரத்துவதில் ஒரு எல்லைக்கு மேல் பயனில்லை என்று தெரிந்தது. இரண்டு குழுவுக்கும் நேரத்தில் சுமார் அரை மணிதான் வித்தியாசம் என்பதைப் பலர் கவனிக்கத் தவறினார்கள்.

நேரத்துக்கு நேரடிப் பரீட்சை

எனவே நேரத்தையும் குலுக்கல் முறையில் சோதிக்காமல் விட முடியாது. அமெரிக்காவில் இரண்டு பெரிய டயாலிசிஸ் கம்பெனிகளின் 266 யூனிட்களில், புதிதாகச் சேர்ந்த 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து டைம் என்ற ஆய்வு நடந்தது. பாதி யூனிட்களில் குறைந்தது நான்கேகால் மணி நேரம் எழுதிக்கொடுக்க வேண்டும், மீதியில் வழக்கம்போல. முடிவு 2019இல் வெளியானது. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் உண்மையில் நடந்த நேரத்தைப் பாருங்கள்: ஒரு குழுவில் சராசரி 216 நிமிடம், இன்னொன்றில் 207. ஒன்பது நிமிடம்தான் வித்தியாசம். நேரம் பயன்படுமா என்று சோதிக்கப் போன ஆய்வு, நேரத்தைக் கூட்டவே முடியாமல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஷிஃப்ட் அட்டவணை, வண்டி வரும் நேரம், நோயாளியின் தயக்கம், மருத்துவரின் பழக்கம் எல்லாம் சேர்ந்து ஆய்வைத் தோற்கடித்தன. டாப்ஸ் சொன்னது பொய் என்று இதை வைத்து யாராவது வாதிட்டால் நான் ஏற்க மாட்டேன். உண்மை என்று நிரூபணமானதாகவும் சொல்ல மாட்டேன்.

நீளமான டயாலிசிஸில் எல்லாமே நல்லது என்றும் இல்லை. வாரம் ஆறு இரவு வீட்டில் தூங்கிக்கொண்டே செய்யும் முறையை 87 பேரை வைத்து வட அமெரிக்காவில் சோதித்தார்கள். பல ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வழக்கமான முறையில் செய்தவர்களைவிட இரவு முறைக் குழுவில்தான் இறப்பு அதிகம் இருந்தது. ஆட்கள் குறைவு, நடுவில் முறையை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு, எனவே உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. ஃபிஸ்டுலாவில் அடிக்கடி குத்துவதும், மிச்சமிருந்த கொஞ்சம் சிறுநீரும் சீக்கிரம் நின்றுபோவதும் காரணமாக இருக்கலாம் என்று பேசப்படுகிறது.

வழக்கங்கள் மாறின, ஆனால் மெதுவாக. ஃபிஸ்டுலாவை முதன்மைப்படுத்தும் தேசிய முயற்சி 2003இல் தொடங்கி, அமெரிக்காவில் ஃபிஸ்டுலா மூலம் டயாலிசிஸ் செய்பவர்கள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 60%க்கு மேல் ஏறினார்கள். அதே ஆண்டுகளில் இறப்பு விகிதமும் சீராக இறங்கியது. ஆனாலும் டயாலிசிஸ் தொடங்கும் அன்று ஐந்தில் நான்கு பேர் கதீட்டரோடுதான் வருகிறார்கள், அது அசையவில்லை. எல்லோருக்கும் ஃபிஸ்டுலா என்று துரத்தியதில், தளர்ந்த முதியவர்களுக்குச் சரியாக அமையாத ஃபிஸ்டுலாவுக்காக ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்த கதையும் நடந்தது. 2019இன் அமெரிக்க வழிகாட்டுதல் அதனால்தான் அந்தந்த நோயாளிக்குத் திட்டமிடச் சொல்கிறது. நேரத்தைப் பொறுத்தவரை 2015இன் வழிகாட்டுதல் சிறுநீர் போவது ஏறக்குறைய நின்றவர்களுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் என்று ஒரு தரை போட்டது. அதுவும் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே தூக்கிவரக் கூடாது. இவை எல்லாம் பெரும்பாலும் வாரம் மூன்று முறை செய்பவர்களின் கணக்கு. இந்தியாவில் ஏராளமானவர்கள் செலவு, தூரம், இடநெருக்கடி காரணமாக வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள். இடைவெளி மூன்று நாள்வரை நீள்கிறது, 4 கிலோ கூடிவருவது சாதாரணம். அதே 60 கிலோ நபருக்கு நான்கு மணி நேரத்தில் அதை எடுத்தால் கிலோவுக்கு மணிக்கு 16.7 மில்லி, ஐந்து மணி நேரமாக்கினாலும் 13.3. நேரத்தைக் கூட்டி மட்டும் இங்கே சமாளிக்க முடியாது; ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு வரும் வழியையும் அடைக்க வேண்டும், முடிந்தவர்களுக்கு மூன்றாவது முறையையும் சேர்க்க வேண்டும். மெஷின் திரையில் நீர் எடுக்கும் வேகம் மணிக்கு இத்தனை மில்லி என்று ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதை உலர் எடையால் வகுத்து, ஒவ்வொரு முறையும் சார்ட்டில் கேடி/வி, பிரஷர் பக்கத்தில் எழுதிவைப்பதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.